நாற்பதாவது பயனாளி

ஜூன் 3, செவ்வாய்.
இன்றைய தவறு: என் ராஜினாமாக் கடிதத்துக்கு நானே வரவு முத்திரை குத்திவிட்டேன். எண் 1147. குத்திய பிறகுதான் கவனித்தேன். கையோடு கொண்டுபோய்க் கண்காணிப்பாளரிடம் நேராகக் கொடுத்திருக்க வேண்டும்.
நாளைய வேலை: கித்தான் பைக்கு இரட்டைத் தையல். பதினெட்டாம் நம்பர் ஊசி வாங்க வேண்டும்.

இந்த நோட்டு மாலை வகுப்புக்கானது. பை தைக்கவும் கிழிந்த பைகளைச் சரிசெய்யவும் சொல்லித்தரும் வகுப்பு அது. தினமும் முதல் வரியில் அன்று செய்த தவறையும், கடைசி வரியில் மறுநாள் வேலையையும் எழுத வேண்டும் என்பது அங்கே சட்டம். மற்றவர்கள் இரண்டு வாரம் எழுதிவிட்டு நோட்டை விசிறியாக்கிக்கொண்டார்கள். இதை எழுதிய இவள் மட்டும் ஆறு மாதமாக ஒரு நாள் விடாமல் எழுதிவந்தாள். தவறே செய்யாத நாளில், 'இன்று தவறு எதுவும் கண்ணில் படவில்லை; அதுவே தவறாக இருக்கலாம்' என்று எழுதுவாள்.

பகலில் அவள் சுயதொழில் ஊக்குவிப்பு அலுவலகத்தில் தபால் பிரிவில் இருந்தாள். வரும் ஒவ்வொரு காகிதத்திலும் வரவு முத்திரை குத்தி எண் போடுவது வேலை. அதனால் அலுவலகம் முழுக்க அவளுக்கு 'முத்திரை' என்றுதான் பெயர். நான்கு வருடம் குத்திக் குத்திக் கை தானாகவே போகும். ஒருமுறை பக்கத்து மேசைக்காரியின் பிறந்தநாள் வாழ்த்து அட்டைக்கும் எண் விழுந்துவிட்டது. அந்த அட்டை மேலே போய், நான்கு பேர் கையெழுத்தோடு, ஐந்து மாதம் கழித்து 'உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டது' என்று திரும்பி வந்தது.

பஸ் நிலையத்தில் மாடிப்படிக்குக் கீழே ஓர் இடம் இருந்தது. ஒரு தையல் மெஷினும் ஒரு முக்காலியும் போட்டால் நிரம்பிவிடும். அதற்குச் சொந்தக்காரர் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர். "முப்பதாம் தேதி சாயங்காலம் ஆறு மணி வரைக்கும் உனக்காக வச்சிருக்கேன். போன் கவர் விக்கறவர் ஒருத்தர் தினம் வந்து கேட்டுட்டுப் போறாரு, பாத்துக்கோ" என்று சொல்லியிருந்தார். கடை உரிமம் வாங்க, பழைய வேலையிலிருந்து விடுவித்த ஆணை வேண்டும். அந்த ஒரு காகிதத்துக்காகத்தான் ராஜினாமா.

கண்காணிப்பாளர் கடிதத்தைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"என்னம்மா இது?"

"ராஜினாமா, சார்."

"யாரோடது?"

"என்னோடது, சார்."

"வீட்ல எதாவது பிரச்சனையா? உடம்பு சரியில்லையா?"

"இல்ல சார். சொந்தமா பை ரிப்பேர் கடை போடலாம்னு."

"எதுக்கு?"

முத்திரை அவருடைய தலைக்கு மேலே சுவரைப் பார்த்தாள். 'கைகட்டி நிற்காதே, கடைகட்டி நில்' என்று ஆளுயர எழுத்தில் எழுதியிருந்தது. அந்த வாசகத்தை எழுதியவர் கண்காணிப்பாளரேதான். அதற்காக அவருக்கு ஒரு பாராட்டுச் சான்றிதழும் ஒரு ஊதிய உயர்வும் கிடைத்தன. இருபத்தாறு வருடமாக அந்த வாசகத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருக்கிறார்.

"அங்க எழுதியிருக்கே சார்."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "அது பொதுமக்களுக்கும்மா. நமக்கில்ல. டாக்டர் எழுதிக் குடுக்கற மாத்திரைய டாக்டரே முழுங்கறாரா? எல்லாரும் கடை போடப் போயிட்டா, கடை போடுங்கன்னு சொல்றதுக்கு ஆள் வேணாமா?"

அப்போதுதான் அவர் கண் கடிதத்தின் மூலையில் போய் நின்றது.

"வரவு எண் போட்டுட்டியா?"

"கைப் பழக்கம், சார்."

"போச்சு." அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எண் விழுந்தா அது பணியாளர் கடிதம் இல்ல, பொதுமக்கள் கடிதம். உள்ள 'சொந்தத் தொழில் தொடங்க விரும்புகிறேன்'னு வேற எழுதியிருக்க. அப்படி எழுதி எண் போட்டு வந்தா மனு. மனுன்னா பச்சைப் பதிவேடு. நீ இப்போ மனுதாரர்."

"கிழிச்சுட்டு வேற எழுதித் தரேன் சார்."

"கிழிப்பியா? 1146, அப்புறம் 1148. நடுவுல இருந்தது எங்கன்னு தணிக்கைல கேட்டா என் பென்ஷனா வந்து பதில் சொல்லும்?"

"அப்போ தனியா இன்னொரு ராஜினாமா..."

"ஒரே விஷயம் நிலுவைல இருக்கும்போது இன்னொண்ண எப்படி வாங்கறது? நீ படிச்ச பொண்ணுதானே?"

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேம்மா."

"அப்போ வேலையை விட்டுட்டியா?"

"விட்டேன். ஆனா விடல."

"தலைவலி விட்டுச்சான்னு கேட்டாகூட ஆமா இல்லன்னு சொல்லுவாங்கடி. பக்கத்து வீட்டுக்காரி கேட்டா நான் என்னன்னு சொல்ல?"

"மனு நிலுவைல இருக்குன்னு சொல்லு."

அம்மா தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனாள். மகள் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து வேலை பார்க்கிறாள் என்று தெருவுக்கே சொல்லி வைத்திருந்தவள் அவள். அந்த மின்விசிறி போன வருடமே நின்றுபோனதை முத்திரை அவளிடம் சொன்னதில்லை.

அன்று அவள் நோட்டில் ஒரு பக்கத்தை நடுவில் கோடு போட்டுப் பிரித்தாள். இடது பக்கம் 'விடலாம்', வலது பக்கம் 'விட வேண்டாம்'. வலது பக்கம் மளமளவென்று பதினோரு காரணங்கள் வந்தன. அம்மா, ஓய்வூதியம், மழைக்காலம், முதுகுவலி, யாரும் வராமல் போனால், நிறையப் பேர் வந்தால். இடது பக்கம் வெகுநேரம் காலியாக இருந்தது. கடைசியில் ஒரே ஒரு காரணம் எழுதினாள்: 'பை தைக்கும்போது மணி பார்ப்பதில்லை.' பதினொன்றுக்கு ஒன்று என்பது தோல்விதான். ஆனாலும் அந்த ஒன்றை அடிக்க மனம் வரவில்லை.

அந்த வாரமே அவளுக்கு நேர்காணல் அழைப்பு அனுப்பப்பட்டது. அனுப்பும் தபாலை உறையிலிட்டு ஒட்டியதும் அவள்தான். இரண்டு நாள் கழித்து வீட்டில் அதை வாங்கிக் கையெழுத்திட்டதும் அவள்தான்.

ஜூன் பத்தாம் தேதி நேர்காணல். மேசைக்கு அந்தப் பக்கம் இணை இயக்குநர், கணக்கு அதிகாரி, கண்காணிப்பாளர். மூவருக்கும் சேர்த்து எழுபத்து மூன்று வருட அரசுப் பணி. மூவரில் ஒருவரும் இதுவரை ஒரு தீப்பெட்டிகூட விற்றதில்லை. ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்து, இன்னார் தொழில் செய்யத் தகுதியானவர், இன்னார் தகுதியற்றவர் என்று பல நூறு பேருக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள்.

இணை இயக்குநர் கோப்பைப் பிரித்தார். "வணக்கம். உட்காருங்க. இப்போ என்ன பண்றீங்க?"

"இங்கதான் சார் வேலை பார்க்கறேன். நீங்க கைல வச்சிருக்கற கோப்பை காலைல நான்தான் கொண்டுவந்து வச்சேன்."

"நேர்காணல்ல தெரிஞ்சவங்க தெரியாதவங்கன்னு பாக்க மாட்டோம்," என்றார் அவர் பெருமையாக. "சந்தை ஆய்வு பண்ணீங்களா?"

இதற்காக அவள் மூன்று மாலை பஸ் நிலையத்தில் நின்றிருந்தாள். "பண்ணினேன் சார். நூறு பை எண்ணினேன். இருபத்திரண்டுல ஜிப் போயிருக்கு. ஒன்பதுல வார் அறுந்து ஊக்கு குத்தி வச்சிருக்காங்க. நாலு பேர் பையை வாய் திறந்தபடியே கட்டிப்பிடிச்சுட்டுப் போறாங்க."

கணக்கு அதிகாரி தன் பையை மேசைக்கு அடியில் காலால் மெதுவாகத் தள்ளினார். அதன் ஜிப் போய், கோப்பு கட்டும் நாடாவால் இழுத்துக் கட்டியிருந்தது. "சரி, எல்லாரும் நல்ல பையா வாங்கிட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

எல்லாரும் சொந்தமாகத் தொழில் தொடங்கிவிட்டால் இந்த அலுவலகம் என்ன செய்யுமோ அதையே செய்வேன் என்று சொல்ல நினைத்தாள். "கஷ்டம்தான் சார்" என்று சொன்னாள்.

"பதில் திருப்தி இல்ல," என்றார் கணக்கு அதிகாரி. "அதோட வேலையில இருக்கறவங்க பயனாளியா வர முடியாது. விதி நாலு. நிராகரிச்சுடலாம்."

முத்திரைக்கு மனசு லேசானது. நிராகரித்தால் மனு முடியும். மனு முடிந்தால் புதிய ராஜினாமா கொடுக்கலாம். ஆனால் கண்காணிப்பாளர் இணை இயக்குநரின் காதில் ஏதோ சொன்னார். இணை இயக்குநரின் முகம் வெளுத்தது.

"இந்த வருஷ இலக்கு நாற்பது," என்றார் அவர். "இப்போ எத்தனை?"

"முப்பத்தொன்பது, சார். ஜூன் முப்பதோட திட்ட வருஷம் முடியுது."

கணக்கு அதிகாரி தொண்டையைச் செருமிக்கொண்டு, "பதில் அப்படியொண்ணும் மோசமில்ல" என்றார்.

"சார்," என்றாள் முத்திரை, "அப்போ என் ராஜினாமாவை ஏத்துக்கங்க. வேலையில இல்லாதவளா ஆயிடறேன்."

"மனு நிலுவைல இருக்கறவங்க மேல பணியாளர் நடவடிக்கை எதுவும் எடுக்கக் கூடாதும்மா."

"அப்போ மனுவை முடிங்க சார்."

"வேலையில இருக்கறவங்க மனுவை எப்படிம்மா முடிக்கறது?"

மூவரும் அவளையே பார்த்தார்கள். இந்த முடிச்சைப் போட்டவள் அவள்தான், அவிழ்க்கவும் அவள்தான் ஏதாவது செய்ய வேண்டும் என்பதுபோல இருந்தது அந்தப் பார்வை. அவள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே வந்தாள். எதற்கு மன்னிப்பு என்று மாலையில் நோட்டில் எழுதிப் பார்த்தாள், விளங்கவில்லை.

மறுநாள் அவளை 'நிபந்தனையுடன் தேர்வு' என்று எழுதி நாற்பதாவதாகச் சேர்த்துக்கொண்டார்கள். அதோடு இன்னொரு சிக்கல். நிபந்தனையுடன் தேர்வான பயனாளி, பணியாளரின் நாற்காலியில் உட்காரலாமா என்று யாரோ மேலே கேட்டுவிட்டார்கள். உட்காரக் கூடாது என்று பதில் வந்தது. விடுவிக்கப்படாத பணியாளர் இருக்கையை விட்டு விலகலாமா என்று இன்னொருவர் கேட்டார். விலகக் கூடாது என்று அதற்கும் பதில் வந்தது. இரண்டையும் மதிக்கும் விதமாக, பொதுமக்கள் காத்திருக்கும் பெஞ்சை இழுத்துவந்து அவள் மேசைக்கு முன்னால் போட்டார்கள். வருகைப் பதிவேட்டில் அவள் பென்சிலால் கையெழுத்திட வேண்டும் என்றும் முடிவானது. வெளியிலிருந்து வந்த ஒரு பெரியவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "எத்தனை நாளாம்மா அலையற?" என்று பரிவோடு கேட்டார். "நாலு வருஷமா" என்றாள் அவள்.

பதினாறாம் தேதி முதல் ஐந்து நாள் துணிச்சல் பயிற்சி. நாற்பது பயனாளிகளும் வர வேண்டும். இணை இயக்குநரே வந்து பேசினார். கையில் தண்ணீர் பாட்டில், கழுத்தில் மைக்.

"நண்பர்களே! ரிஸ்க் எடுக்கணும். ரிஸ்க் எடுக்காதவன் வாழ்க்கைல எதையும் சாதிச்சதில்ல. நானும் எடுத்திருக்கேன். பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடி, கீழ்த்தளத்துலேருந்து மாடிப் பிரிவுக்கு மாறுதல் கேட்டேன். எல்லாரும் வேணாம்னாங்க. மூணு நாள் தூங்கல. கடைசில மனுவை வாபஸ் வாங்கிட்டேன். ஆனா அந்த மூணு நாள் அனுபவம் இருக்கே, அதை வச்சுத்தான் இன்னிக்கு உங்களுக்குப் பாடம் நடத்தறேன்."

கைதட்டினார்கள். அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"தோல்வியைக் கண்டு பயப்படாதீங்க. நான் பயப்படறேன், அதனாலதான் இங்க இருக்கேன். நீங்க பயப்படக் கூடாது! மாசச் சம்பளம்ங்கறது ஒரு சங்கிலி. அதை உடைங்க!" அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "மீதியை நாளைக்குப் பேசுவோம். இன்னிக்கு எனக்கு சம்பள நிலுவை விஷயமா கொஞ்சம் மேல போகணும்."

முத்திரை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். அந்த மனிதர் சொன்னதில் பாதி உண்மை என்றே அவளுக்குப் பட்டது. எந்தப் பாதி என்பதுதான் தெரியவில்லை. நான்கு வருடம் கழித்துத் தானும் மைக்கோடு நின்று இப்படிப் பேச நேருமோ என்ற நினைப்பு வந்தபோது, அன்று மாலை வகுப்பில் ஜிப் ரன்னரைத் தலைகீழாக மாட்டினாள்.

இருபத்தைந்தாம் தேதிக்குள் தைரியம் முழுக்கத் தீர்ந்துபோனது. ஐந்து நாள் பயிற்சிக்குப் பிறகு மிச்சம் இருந்த தைரியம் அது. வேண்டாம், விட்டுவிடலாம், நாற்காலியாவது திரும்பக் கிடைக்கட்டும் என்று கண்காணிப்பாளரிடம் போனாள்.

"சார், மனுவை வாபஸ் வாங்கிக்கறேன். ராஜினாமாவும் வேணாம். பழையபடியே இருந்துடறேன்."

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "என்ன பேச்சும்மா இது? இன்னும் அஞ்சு நாள்தான் இருக்கு. நாற்பதாவது ஆளை நான் எங்க போய்ப் பிடிக்கறது? துணிச்சலா முன்னேற நினைச்ச பொண்ணு நீ! பின்வாங்கலாமா?"

"அப்போ விடுவிச்சுடுங்க சார்."

"அது முடியாதுன்னுதான் அன்னிக்கே சொன்னேனே."

வீட்டில் அம்மாவிடம் சொன்னாள். அம்மா இந்த முறை தலையில் அடித்துக்கொள்ளவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு என்னதான்டி வேணும்? ஆபீஸ் சொல்றது இருக்கட்டும். நீ சொல்லு" என்று கேட்டாள்.

"அந்தப் படிக்கட்டுக்குக் கீழ இருக்கற இடம் வேணும்மா."

சொல்லிவிட்டு அவளே அசந்துபோனாள். இத்தனை நாள் நோட்டில் எழுதிப் பார்த்தும் இவ்வளவு சுருக்கமாக வந்ததில்லை.

"அப்போ போய் வாங்கு," என்றாள் அம்மா. "பக்கத்து வீட்டுக்காரிய நான் பாத்துக்கறேன்."

முப்பதாம் தேதி, திங்கட்கிழமை. காலை பத்தரைக்கு அலுவலக ஜீப் பஸ் நிலையத்தில் வந்து நின்றது. இணை இயக்குநர், கணக்கு அதிகாரி, கண்காணிப்பாளர், போட்டோக்காரர், ஒரு சிவப்பு ரிப்பன், 'நாற்பதாவது பயனாளி' என்று எழுதிய பலகை. படிக்கட்டுக்குக் கீழே பலகையை மாட்டினார்கள். மாலை வகுப்பிலிருந்து ஒரு மெஷினை இரவல் வாங்கி வந்திருந்தார்கள். ஜெராக்ஸ் கடைக்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். முத்திரைக்குக் கண்ணில் நீர் முட்டியது. அப்படியானால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது.

இணை இயக்குநர் ரிப்பனை வெட்டினார். அவள் மெஷினில் உட்கார்ந்து தைப்பதுபோல் ஒரு படம். கணக்கு அதிகாரி ஒரு பையைக் கொடுப்பதுபோல் ஒரு படம். கொடுத்த பை அவருடையதேதான். படம் எடுத்ததும் அவள் உண்மையாகவே தைக்க ஆரம்பித்தாள். நாடாவை அவிழ்த்து, பழைய ரன்னரைக் கழற்றி, புதியதை ஏற்றி, இரண்டு பக்கமும் தட்டிவிட்டாள். பத்து நிமிடம். ஜிப் ஒரே இழுப்பில் மூடியது. கணக்கு அதிகாரி அதை ஏழெட்டு முறை திறந்து மூடிப் பார்த்தார்.

"சரி, கிளம்பலாம்," என்றார் கண்காணிப்பாளர். பலகையைக் கழற்றி ஜீப்பில் வைத்தார்கள். மெஷினையும் ஏற்றினார்கள். "நீயும் ஏறும்மா. உனக்கு அரை நாள் அனுமதிதான் போட்டிருக்கு."

"சார், கடை?"

"திறந்தாச்சு. படம் எடுத்தாச்சு. இலக்கு முடிஞ்சாச்சு. இனி வேலையில இருந்துக்கிட்டு கடை வச்சிருந்தா ஒழுங்கு நடவடிக்கை வரும். அதான் உன் நல்லதுக்கு உடனே மூடறோம்."

ஜீப்பில் அவள் பின் இருக்கையிலிருந்து கேட்டாள். "அப்போ என் ராஜினாமா சார்?"

"எது, 1147-ஆ? அது மனுவாகி, வெற்றியாகி, பதிவறைக்குப் போயாச்சு."

"புதுசா எழுதித் தரேன்."

"தாராளமா. ஆனா தொழில் தொடங்கறதா எழுதாதே. வெற்றி பெற்ற பயனாளி மூணு வருஷத்துக்கு மறுபடி மனு போடக் கூடாது."

"காரணம் எழுதாம தரேன் சார்."

"காரணமில்லாத ராஜினாமாவை எப்படி வாங்கறது?"

"வேற காரணம் எழுதறேன்."

கண்காணிப்பாளர் திரும்பி, உண்மையான வருத்தத்தோடு அவளைப் பார்த்தார். "பொய்க் காரணம் எழுதுவியா? அதுவும் என்கிட்டயே சொல்லிட்டு?"

மாலை ஐந்தே முக்காலுக்கு அவள் பஸ் நிலையத்துக்கு ஓடினாள். போன் கவர்க்காரர் இரண்டு அட்டைப் பெட்டிகளோடு ஏற்கெனவே நின்றிருந்தார். நல்ல மனிதர், அவளைப் பார்த்துச் சிரித்தார். வெட்டிய ரிப்பனின் ஒரு துண்டு இன்னும் படிக்கட்டுக் கம்பியில் ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன தங்கச்சி," என்றார் ஜெராக்ஸ் கடைக்காரர், "காலைல திறந்தாங்க, மத்தியானம் மூடினாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. உனக்கு இடம் வேணுமா வேணாமா? வேணும்னு ஒரு வார்த்தை சொல்லு, இவரை அனுப்பிடறேன். விடுவிச்ச காகிதம் வந்துடுமில்ல?"

அவள் வாயைத் திறந்தாள். வேணும் என்று சொல்லலாம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் காகிதம் இல்லை. மூன்று வருடத்துக்கு வராது. அவர் இரண்டாம் முறை கேட்டபோதும் அவள் வாயைத் திறந்தபடியே நின்றாள். பஸ் ஒன்று வந்து நின்று, நிறையப் பேர் இறங்கினார்கள். எத்தனை பைகளில் ஜிப் போயிருக்கிறது என்று அவள் கண் தானாக எண்ணிக்கொண்டிருந்தது.

ஆறு மணிக்கு ஜெராக்ஸ் கடைக்காரர் பெருமூச்சு விட்டுச் சாவியை அந்த மனிதரிடம் கொடுத்தார்.

ஜூன் 30, திங்கள்.
இன்றைய தவறு: கேட்டபோது பதில் சொல்லவில்லை.
நாளைய வேலை: காலை பத்து மணி. புது வருட இலக்குக்கான பயனாளிகளிடம் பத்து நிமிடம் பேச வேண்டும் என்று ஆணை. தலைப்பு: 'நான் எப்படி வேலையை விட்டேன்'. ஒன்பதரைக்கே போய் மைக் சரிபார்க்க வேண்டும்.